பாண்டிச்செல்வி இணைத்த பாத்திரக் கடை

துக்க வீட்டு அண்டாவைக் கம்ப்யூட்டரே கல்யாண மண்டபத்துக்கு அனுப்பிவிட்டதாம். அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு வாந்தியாம். மணமேடையிலேயே பெண் மயங்கி விழுந்தாளாம். மஸ்கட்டில் ஒரு விடுமுறைக் காலையில் துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம், மதுரையிலிருந்து சித்தி இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். சித்திக்குச் சொன்னவர் பால்காரர். பால்காரருக்கு யார் சொன்னார்கள் என்று சித்தி கேட்டுக்கொள்ளவில்லை.

“கம்ப்யூட்டர் எப்படிச் சித்தி அண்டாவைத் தூக்கிக் குடுக்கும்?”

“அதை உன் கூட்டாளிகிட்டக் கேளு. வில்லாபுரத்துப் பாண்டிச்செல்வி. அவதான் பேயாண்டி கடையில என்னத்தையோ எதோடயோ இணைச்சு விட்டாளாம். இப்ப ஊரே அவ தலையைத்தான் உருட்டுது.”

தூரத்தில் இருப்பவர்களுக்கு ஊர்ச் செய்தி பாதிதான் வந்து சேரும். மீதியை நாமே பயந்து பயந்து நிரப்பிக்கொள்வோம். போலீஸ், வழக்கு, கடை வாசலில் கூட்டம் என்று நான் நிரப்பி முடிப்பதற்குள் செல்வியை அழைத்துவிட்டேன்.

“வாந்தியும் இல்ல, மயக்கமும் இல்ல,” என்றாள் அவள். “அண்டா மட்டும் உண்மை. ஆடியில லீவுக்கு வருவேல்ல? வா, வந்து பாரு. இப்ப வேலை கெடக்குடி, வச்சிர்றேன்.”

செல்வியும் நானும் வில்லாபுரத்தில் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சு. அவளுடைய அப்பா திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறருடைய வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்து, பிறகு வயலே வேண்டாம் என்று நகரத்துக்கு வந்து கட்டட வேலைக்குப் போனவர். மகளைப் பசுமலையில் கல்லூரிக்கு அனுப்பினார். பி.காம். முடித்ததும் அவள் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பல ஆண்டுகள் அங்கேயே இருந்தாள்.

அங்கே உட்கார்ந்து பார்த்ததில் அவளுக்கு ஒன்று உறுத்தியது. மதுரையில் சின்னக் கடைக்காரர்கள்கூட ரசீது, இருப்பு, வரி எல்லாவற்றுக்கும் மென்பொருள் வாங்கி வைத்துவிட்டார்கள். ஆனால் ஆர்டர் வருவது ஒரு செயலியில். வண்டி பிடிப்பது இன்னொன்றில். வாடிக்கையாளருக்குச் சேதி போவது வாட்ஸ்அப்பில். ஒன்றுக்கொன்று பேச்சு வார்த்தை கிடையாது. நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து, ஒன்றில் பார்த்ததை மற்றொன்றில் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பார். இவற்றை ஒன்றோடு ஒன்று பேச வைத்தால் என்ன? வீடியோ பார்த்துப் படித்தாள். மென்பொருள் விற்கும் சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டாள். அவர்கள் ஆங்கிலத்தில் பேசினால் ஆங்கிலத்தில் கேட்டாள், புரியாதபோது தமிழில் மடக்கினாள். ஒருநாள் ஆடிட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு முதன்முதலாகக் கதவைத் திறந்தவர் பேயாண்டி.

அவனியாபுரம் சாலையில் பேயாண்டியின் வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. முன்னால் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். பின்னால் தகரக் கூரை போட்ட பெரிய முற்றம். அண்டா, கிடாரம், தாம்பாளம், சேர், ஷாமியானா என்று மலை மலையாகக் கிடக்கும். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர் பேயாண்டி. பெருத்த குரல். செல்வி அவருடைய மென்பொருளை மண்டபங்களின் முன்பதிவுச் செயலியோடு இணைத்தாள், வண்டிச் செயலியோடும் இணைத்தாள். இணைப்பதற்கு ஒவ்வொரு செயலியும் எண்ணும் எழுத்துமாக நீளமான ஒரு சாவியைக் கொடுக்கும். “இது கடைச் சாவி மாதிரிண்ணே, யாருக்கும் காட்டிறாதீங்க,” என்று அதை அச்செடுத்துக் கொடுத்தாள். அவர் அந்தத் தாளை மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்து, விபூதி பூசிவிட்டார்.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. மண்டபத்து மேலாளர் தன் செயலியில் பார்ப்பார், அண்டா இருக்கிறது என்று காட்டும், அழுத்துவார். கடையில் ரசீது விழும், குட்டியானை வண்டிக்காரருக்குச் சேதி போகும், முற்றத்தில் சாமான் ஏற்றும் கருப்புவின் போனில் பட்டியல் வரும். பேயாண்டி தொண்டையைத் திறக்கவே வேண்டியதில்லை. பசுமலையில் ஒரு டைல்ஸ் கடைக்காரரும், மைக்செட் கடைக்காரர் ஒருவரும், ‘பேயாண்டிக்கு எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டுச் சொல்றோம்’ என்று செல்வியிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

வைகாசியில் அந்த அண்டா போனது.

நான் ஆடியில் ஊருக்கு வந்து, சித்தி வீட்டில் பெட்டியை வைத்த கையோடு கடைக்குப் போனேன். பேயாண்டி மேஜையில் இருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மஸ்கட்டா? உன் கூட்டாளி என் வாயை அடைச்சு வச்சா தாயி. இப்ப ஊரு வாயி தெறந்துகிருச்சு.”

செல்வி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவில்லை. “உக்காருடி. அண்ணே இதை வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிருவாரு. நீ மட்டும் என்ன விதிவிலக்கா?”

இணைப்பை அவர் பிடுங்கிப்போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது. கோயில் கூழும் கிடாவெட்டும்தான். ஆவணியில் முதல் முகூர்த்தம் வரும். அதற்குள் செல்வி இதைச் சரிசெய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் பழையபடி போனும் கூப்பாடும்தான். பேயாண்டியே வேண்டாம் என்று விட்டால், டைல்ஸ் கடையும் மைக்செட் கடையும் அவளை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆடிட்டரின் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

நடந்ததை அவள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தாள். முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஒரு மூலையில் இரண்டு அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. இரண்டின் காதிலும் வெள்ளைத் துணி முடிந்திருந்தது.

துக்க வீட்டுக்குப் போய் வருகிற பாத்திரத்தை இந்தக் கடையில் அப்படியே அடுத்த வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெள்ளைத் துணி முடிந்து, கவிழ்த்துவிடுவார்கள். ஒரு ராத்திரி காய வேண்டும். மறுநாள் துணியை அவிழ்த்தால்தான் அது மற்ற பாத்திரங்களோடு சேரும். முற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒச்சாயிக்குத்தான் அந்த வேலை. முன்பெல்லாம் மண்டபத்திலிருந்து போன் வந்தால், பேயாண்டி இருந்த இடத்திலிருந்தே ‘அண்டா இருக்கா?’ என்று கத்துவார். ‘காயுதுண்ணே’ என்று ஒச்சாயி உள்ளேயிருந்து கத்துவாள். ‘நாளைக்குத்தான்’ என்று இவர் போனில் சொல்லுவார். அவ்வளவுதான். அது எந்தப் பதிவிலும் கிடையாது.

“திரும்பி வந்த பாத்திரத்துக்கு ‘வந்தாச்சு’ன்னு போன்ல அழுத்தணும்னு நான்தான் ஒச்சாயி மதினிக்குச் சொல்லிக் குடுத்தேன்,” என்றாள் செல்வி. “அழுத்துனாங்க. இருப்பு ஏறிருச்சு. மண்டபத்துல ஒரு அண்டா பத்தாம முழிச்சுக்கிட்டிருந்தாங்க. இருக்குன்னு காட்டவும் அவங்களும் அழுத்திட்டாங்க. வண்டி வந்து நின்னுருச்சு. மதினி அந்நேரம் ரேஷன் கடைக்குப் போயிருச்சு.”

சேர்களை அடுக்கிக்கொண்டிருந்த கருப்பு நிமிர்ந்தான். முப்பது வயதுக்காரன், பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவன்.

“துணியைப் பாத்தேன்க்கா. பாக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா போன்லயே ரெடின்னு வந்துருச்சு. நான் யாரு இல்லைங்குறதுக்கு? முன்னாடினா கத்திக் கேப்பேன். இப்ப யாருகிட்டக் கத்த? கம்ப்யூட்டருக்குக் காது இருக்கா?”

“உனக்குக் கண்ணு இருந்துச்சுல்லடா, அதைச் சொல்லு,” என்றாள் ஒச்சாயி, குழாயடியிலிருந்து.

“ரேஷன்ல பாமாயில் போட்டா ஒனக்கு மட்டும் கண்ணு தெரியுமாக்கும்.”

மண்டபத்தில் சமையல் மாஸ்டர்தான் துணியைப் பார்த்திருக்கிறார். இந்தக் கடையின் பழக்கம் அவருக்குத் தெரியும். அவர் பார்த்தபோது சாம்பார் கொதித்து முடிந்திருந்தது. அவர் போட்ட சத்தம் மாப்பிள்ளை வீட்டார் காதுவரை போனது. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பேச்சு அதற்குமேல் சாப்பாட்டைப் பற்றியது இல்லையே.

“அந்தக் கூப்பாட்டைத்தான்டி நான் அறுத்துட்டேன்,” என்றாள் செல்வி. “அண்ணன் கத்துறது வெட்டிச் சத்தம்னு நெனச்சேன். அதுவும் ஒரு இணைப்புதான். அதைத் திரும்ப உள்ள கொண்டு வரணும்.”

அடுத்த வாரம் முழுவதும் நான் ஏதாவது ஒரு சாக்கில் அங்கே போய் உட்கார்ந்தேன். மென்பொருள் வெளியே இருக்கும் செயலிகளுக்கு ஒரே ஒரு எண்ணிக்கையைத்தான் அனுப்பும், கிடங்கில் இருப்பது இவ்வளவு என்று. அந்த இருப்புக்குள் காய்வது எது, காயாதது எது என்று பிரித்துச் சொல்ல அதற்கு வழியில்லை. சென்னைக் கம்பெனியில் கேட்டதற்கு, அடுத்த ஆண்டு அப்படி ஒரு வசதி வரக்கூடும் என்றார்கள். செல்வி வேறு வழி பிடித்தாள். மென்பொருளுக்குள் இரண்டாவதாக ஒரு கிடங்கைத் திறந்தாள். நிஜத்தில் இல்லாத கிடங்கு. திரும்பி வருகிற பாத்திரம் முதலில் அங்கே போகும். வெளிச் செயலிகளின் கண்ணுக்கு அந்தக் கிடங்கு தெரியாது. ஒச்சாயி தன் போனில் எடுத்து மாற்றினால்தான் முதல் கிடங்குக்கு வரும்.

“எல்லாத்தையும் காயப்போட்டா முகூர்த்த நாள்ல நான் எங்கிட்டுப் போறது?” என்றார் பேயாண்டி. “கல்யாண வீட்டுல இருந்து வந்தது நேரா அடுத்த கல்யாணத்துக்குப் போவணும் தாயி.”

“போவட்டும்ணே. வந்து இறங்குனதும் மதினி போன்ல ஒரு கேள்வி வரும். நேரா போகலாமா, இருக்கணுமான்னு. அதை மனுசர்தான் அழுத்தணும். தானா எதுவும் நகராது.”

“அப்ப சரி. அந்தக் கிடங்குக்குத் தீட்டுன்னு பேர் போட்டுரு. படிச்சதும் வெளங்கும்.”

செல்வியின் விரல்கள் நின்றுவிட்டன.

“அதைப் போட மாட்டேன்ணே.”

“ஏன், எழுத்து வரலையா?”

“எங்கப்பா கை பட்ட சொம்பைப் புளி போட்டு வெளக்குனவங்க இருந்தாங்க. எங்கூர்ல, எங்க கண்ணு முன்னாடி. அந்தச் சொல்லை என் கையால அடிக்க மாட்டேன். கடை உங்களுது. வேற ஆளை வச்சு அடிச்சுக்கங்க.”

இந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு கடை இல்லை. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாயைத் திறந்தேன். செல்வி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பேயாண்டி தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு டவுன் பஸ் போனது. பின்னால் முற்றத்தில் ஒச்சாயி கருப்புவை விரட்டிக்கொண்டிருந்தாள். “டேய், அது காயுதுடா! தொடாத!”

“கேட்டீங்களாண்ணே,” என்றாள் செல்வி. “கடையில ஏற்கெனவே பேரு இருக்கு.”

‘காயுது’ என்று தட்டினாள். பேயாண்டி எட்டிப் பார்த்தார். “இதுக்கு இம்புட்டு வீறாப்பா?” என்று முணுமுணுத்தார். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை. டீ வரவழைத்தார். அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் எடுத்துக்கொண்டார்.

சோதனைக்கு ஒரு மண்டபத்தை மட்டும் இணைத்தாள். வைகாசியில் அண்டா போன அதே மண்டபம். இரண்டு நாளில் கருமாதி வீடு ஒன்றிலிருந்து சாமான் வந்தது. மற்ற அண்டாக்களெல்லாம் கோயில் கூழுக்குப் போயிருந்தன. ‘இருக்கணும்’ என்று ஒச்சாயி அழுத்தினாள். எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மண்டபத்து மேலாளர் அசோக்குமார் செல்வியை அழைத்தார்.

“என்னக்கா, கிடாவெட்டு ஒண்ணு வந்துருக்கு, ஒரு அண்டா வேணும். உங்க வண்டி இப்பத்தான் சாமானோட எங்க வாசலைத் தாண்டிப் போச்சு. ஆப்புல பாத்தா ஒண்ணுமே இல்லைங்குது. மறுபடி கோளாறா?”

“கோளாறு இல்ல தம்பி. காயுது. நாளைக்குக் காலையில பாருங்க.”

மறுநாள் காலையில் ஒச்சாயி துணியை அவிழ்த்தாள், போனில் மாற்றினாள், அசோக்குமாரின் செயலியில் அண்டா முளைத்தது. கருப்பு விசிலடித்தான். செல்வி சிரிக்கக்கூட இல்லை. “எல்லா மண்டபத்தையும் மாட்டிரவாண்ணே?” என்று கேட்டாள்.

“எந்திரம் சரியாயிருச்சு,” என்றார் பேயாண்டி. “அந்தம்மா மனசு? கனகலெட்சுமி. அந்தக் கல்யாணப் பொண்ணோட அம்மா. அவுக வாயால, சரி நடத்துங்கன்னு ஒரு வார்த்தை வரட்டும். வராம நான் மாட்ட விட மாட்டேன். எந்த மண்டபத்துக்காரன் கேட்டாலும் அவுகளைக் காட்டித்தான் கேக்குறான்.”

அன்று மாலை அசோக்குமார் நேரில் வந்தார். செல்வியைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார். “அந்தத் துணி சும்மா அடையாளத்துக்குக் கட்டினது, துக்க வீட்டு அண்டாவே இல்லைன்னு சொல்லிருங்கக்கா. நானும் சொல்றேன். மாஸ்டரும் தலையாட்டிருவாரு. யாரு வந்து பாத்தா?”

“கணக்குல நான் பாத்தேன்ல தம்பி.”

“அக்கா, பொழப்பைப் பாருங்க.”

“அதைத்தான் பாக்குறேன். சாமான் எங்க இருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு சரியாச் சொல்றதுதான் நான் செய்யிற வேலை. அதுலயே பொய் சொல்லிட்டு, அடுத்த கடைக்கு என்னன்னு சொல்லிப் போவேன்?”

மறுநாள் கே.கே. நகருக்கு அவளுடைய ஸ்கூட்டியில் போனோம். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். முதலில் மன்னிப்புக் கேள், பிறகு மெதுவாக விஷயத்துக்கு வா, அழுதாலும் தப்பில்லை என்றெல்லாம். “கொஞ்சம் சும்மா வாடி, வண்டி ஆடுது,” என்றாள் செல்வி.

இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் கனகலெட்சுமி வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஆடிக்கு மகளை அழைத்து வந்திருக்கிறார்கள். உள்ளே டி.வி. சத்தம் கேட்டது. தான் யார் என்று செல்வி சொன்னதும் அவர் கதவைத் திறக்கவில்லை, போகவும் சொல்லவில்லை.

“ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த அண்டாவா, இல்லையா?”

“அந்த அண்டாதான்மா. மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவுனது. ஆனா காயலை. காயணும்னு மிசினுக்கு நான் சொல்லி வைக்கலை. இப்பச் சொல்லி வச்சிருக்கேன். இனி யாரு வீட்டுக்கும் அப்படிப் போகாது. சரி நடத்துங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்மா.”

கனகலெட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டார். “மண்டபத்துக்காரன் இல்லைன்னான். சமையக்காரன் தெரியலைன்னான். சம்பந்தி வீட்டுல அம்புட்டுப் பேரும் ஆமாங்குறாக. எம் மககிட்ட நான் என்னத்தச் சொல்றதுன்னே தெரியாம இருந்தேன்.” உள்ளே திரும்பிப் பார்த்தார். “நீ வந்து சொல்லிட்ட. சரி. ஆனா நீ கேக்க வந்த வார்த்தையை இப்பச் சொல்ல முடியாது. மக உள்ள இருக்கா. அவகிட்டப் பேசிட்டுத்தான் எதுவும். நம்பரை எழுதிக்க. நாளைக்குச் சாயந்தரம் போன் பண்ணு.”

“உங்க மககிட்ட நானும் ஒரு வார்த்தை பேசட்டுமாம்மா?”

“போன் பண்ணுன்னேன்ல,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் சாயந்தரம் கடையில் எல்லோரும் வேலை இல்லாத இடத்தில் வேலை தேடினார்கள். கருப்பு அடுக்கிய சேரையே மறுபடி அடுக்கினான். ஒச்சாயி காய்ந்த தாம்பாளத்தைத் துடைத்தாள். கம்ப்யூட்டர் திரையில் மண்டபங்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் சாவி போட்டாயிற்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘இணை’ என்ற பொத்தான் மட்டும் அழுத்தப்படாமல் இருந்தது. செல்வி போனை மேஜை மேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அழைத்தாள்.

மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

“எடுக்கலையே,” என்றேன் நான். “கோவமா இருக்குமோ? மகள் வேண்டாம்னு சொல்லிருச்சோ?”

“அடுப்படியில இருப்பாங்க,” என்று சொல்லி, மறுபடி அழைத்தாள்.

பேயாண்டி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். “வச்சிரு தாயி. நாளைக்குப் பாப்போம்.”

“இருங்கண்ணே. இன்னைக்குத்தான் பண்ணச் சொன்னாங்க.” நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு கை மௌஸ் மேல் இருந்தது. “அடிக்குதுல்ல. அடிக்கட்டும்.”

முற்றத்தில் கருப்பு சேரைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். மணி அடித்துக்கொண்டிருந்தது.